இருமுங்க

கட்டெறும்பு கடிக்கும், அப்புறம் ஒண்ணும் தெரியாது
என்று சொல்வதுதான் என் வேலை.
மயக்க டாக்டர் இல்லாத மேசையில்
தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
பேச்சுக் கொடுக்கிற சிஸ்டர் நான்.
பாதி மருந்து குப்பியில், மீதி உன் வாயில் என்பார் சீஃப்.
புகழ்கிறாராம்.

புதன்கிழமை. இரண்டு குடலிறக்கம்.
வலப்பக்கம் ஒன்று, வயது இருபத்துமூன்று.
இடப்பக்கம் ஒன்று, எழுபத்தாறு.

அபினேஷ், வியாசர்பாடியில் தண்ணி கேன் போடுகிறவன்.
லிஃப்ட் இல்லாத மூணாம் மாடிகள் அத்தனையும்
அவன் அடிவயிற்றில் ஒரு எலுமிச்சங்காயாகப் புடைத்திருந்தன.
முன்கையில் புலி பச்சை குத்தியிருந்தான்.
அந்தப் புலிக்கு வேர்த்திருந்தது.
"தூங்க வச்சிடுங்கக்கா. எதுவும் காதுல விழக்கூடாது."
இறுகிய சதை, மருந்துக்கு இடம் விடவில்லை.
சீஃப் இரண்டாவது சிரிஞ்ச் கேட்டார்,
அவன் என் விரல்களைக் கேட்டான், கொடுத்தேன்.
எந்த வீட்டுக்கு எத்தனை கேன், சொல்லு.
"பதினாலாம் நம்பர் ரெண்டு, கம்பி வழியாவே காசு தருவாங்க.
மாடி வீட்டு டீச்சர் ஒண்ணு...
அக்கா, இழுக்குது."
இழுக்கும். வலிக்குதா?
யோசித்தான். நேர்மையான பையன்.
"வலிக்கல. நம்ம பேன்ட் பாக்கெட்டுல
வேற யாரோ கை விட்டு
சாவி தேடுற மாதிரி இருக்கு."

உள்ளங்கை அளவு வலையை விரித்துத் தைத்தபின்
சீஃப் சொன்னார்: தம்பி, இருமு.
வரவில்லை.
இன்னொரு தரம்.
"கேட்டா வராது சார்" என்றவன்
பயத்திலேயே சிரித்துவிட்டான், வயிறு குலுங்க.
வலை தாங்கியது.
இதுவும் சரிதான் என்றார் சீஃப்.

தணிகாசலம், பஸ் கண்டக்டர், முப்பத்தோரு வருஷம்.
இதயம் முப்பத்தைந்து சதவீதம்தான் அடிக்கிறது.
முழு மயக்கம் என்றால் எழுப்ப நான் பொறுப்பில்லை என்று
மயக்க டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.
அவருக்குப் பாதி மருந்தே போதுமானது.
நனைந்த பேப்பர் மாதிரித் தோல், கத்தியோடு சண்டைக்கு நிற்கவில்லை.
நான் பேச்சுக் கொடுக்கக் காத்திருந்தேன்.
அவரோ கண்ணை மூடி
ஜமாலியா, ஓட்டேரி, புரசைவாக்கம் என்று
ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.
வலிச்சா சொல்லுங்க ஐயா.
"சொல்றேம்மா. இன்னும் டவுட்டன் வரல."

அவரிடமும் இருமச் சொன்னார்கள்.
டீசல் புகையில் வளர்ந்த இருமல்,
மனைவி தனி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்ட இருமல்,
கடைசியில் ஒரு டாக்டரே விரும்பிக் கேட்கிற நாள் வந்ததும்
விட்டார் பாருங்கள்,
தட்டில் கத்திரிக்கோல் அதிர்ந்தது.
போதும், போதும் என்றார் சீஃப்.
"ரைட்" என்றார் அவர்.

மாலை ஐந்து மணி. கூட ஆள் இருந்தால்தான் வீட்டுக்கு.
படிவத்தில் அவர் எழுதியிருந்த மருமகன் நம்பர்
தலையணைக்கு அடியிலேயே ஒலித்தது.
அபினேஷின் ஓனர் ஆள் அனுப்புகிறேன் என்றவர்
கேனுக்கு எத்தனாம் தேதி வருவான் என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.
ஆறு வாரம் என்றேன்.
எட்டு நாள் என்று காதில் விழுந்திருக்கும் அவருக்கு.

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால்
துணைக்கு வந்தவர் என்ற கட்டத்தில்
இவர் பெயர் அவன் தாளில்,
அவன் பெயர் இவர் தாளில்.
உறவு என்ற இடத்தில் ஒருவன் கோடு போட்டிருந்தான்.
மற்றவர் "தெரிந்தவர்" என்று கண்டக்டர் கையெழுத்தில், சாய்வாக.
நான் நைட்டும் பார்க்க வேண்டியிருந்தது.
முத்திரையை மையில் தேய்த்தேன்.

ஜன்னலில் இருந்து பார்த்தேன்.
கேட் தாண்டி மெட்ரோ தோண்டுகிற பள்ளம், ஒரே புழுதி.
ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டும் முன்
இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.
நான் சொல்லிக்கொடுத்தபடியே
அவன் வலப்பக்கம், அவர் இடப்பக்கம்
கையால் அமுக்கிக்கொண்டு
இருமி முடிக்கிறவரை
ஆட்டோ நின்றது.